தாம்பரத்து நுரையீரலும் சீமை அளவுகோலும்

நெஞ்சக மருத்துவமனைகளில் 'ஊதிப் பார்க்கிற' சோதனை ஒன்று உண்டு. மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் அட்டைக் குழாயைக் கொடுத்து, "நல்லா இழுங்க… இப்ப ஊதுங்க, ஊதுங்க, விட்டுடாதீங்க, இன்னும், இன்னும்" என்று டெக்னீஷியன் பக்கத்தில் நின்று விரட்டுவார். கண்கள் பிதுங்க ஊதி முடித்ததும், கணினித் திரையில் ஒரு வளைகோடும் அதன் கீழே ஒரு சதவீதமும் வரும். இந்த ஆளுக்கு இருக்க வேண்டிய மூச்சில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அந்தச் சதவீதம். 'இருக்க வேண்டிய மூச்சு' எவ்வளவு என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? ஊதுவதற்கு முன்பே அது வயது, உயரம், ஆணா பெண்ணா என்ற மூன்றையும் கேட்டுக்கொள்கிறது. பல இயந்திரங்கள் நான்காவதாக ஒன்றையும் கேட்கும்: இனம்.

தென்சென்னைப் புறநகருக்கு இந்தச் சோதனை மிகவும் வேண்டியது. பல்லாவரம், திரிசூலம், பம்மல் மலைகளில் தலைமுறை தலைமுறையாகக் கல் உடைத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நாகல்கேணியிலும் குரோம்பேட்டையிலும் தோல் பதனிட்டவர்கள் இருக்கிறார்கள். கல்தூசி நுரையீரலில் ஒருமுறை படிந்தால் மீட்சி இல்லை. வேலை செய்ய முடியுமா, நஷ்டஈடு உண்டா, சிகிச்சையை எப்போது தொடங்குவது என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தச் சதவீதம்தான் பதில் சொல்லும்.

உலகம் முழுவதற்குமான மூச்சு அளவுகோல் என்று 2012இல் ஒரு சமன்பாடு வந்தது. 74,187 பேரின் அளவுகளிலிருந்து அதை உருவாக்கினார்கள். அதில் வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர் என்று நான்கு தனிப் பிரிவுகள் இருந்தன. ஐந்தாவது, 'மற்றவர்'. நூறு கோடிக்கு மேல் மக்கள் வாழும் இந்தியாவுக்குத் தனிப் பிரிவு கிடையாது, போதிய தரவு இல்லை என்றார்கள். ஆகவே கல்குவாரித் தொழிலாளிக்கு 'மற்றவர்' என்ற கட்டம் கிடைத்தது. சில இடங்களில் வெள்ளையர் கணக்கை எடுத்துப் பத்து சதவீதம் கழித்துக்கொள்ளும் பழைய வழக்கமும் தொடர்ந்தது.

இந்தக் கழிவுக்கு ஒரு வரலாறு உண்டு. லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் ஸ்பைரோமீட்டரை உருவாக்கி, ஆயிரக்கணக்கானோரை ஊத வைத்து, 1846இல் தன் முடிவுகளை வெளியிட்டார். சில ஆண்டுகளில் அந்தக் கருவி அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், கறுப்பர்களின் நுரையீரல் இயல்பிலேயே குறைபட்டது, கடும் உழைப்புதான் அவர்கள் ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் என்று எழுதினார். அடிமை முறைக்கு மருத்துவச் சான்று கொடுத்தார் என்றே சொல்ல வேண்டும். அந்தக் கருத்தின் எச்சம்தான் 'இனத் திருத்தம்' என்ற பெயரில் இயந்திரத்துக்குள் உட்கார்ந்துகொண்டது. 1999இல் பால்டிமோரில் ஆஸ்பெஸ்டாஸ் நஷ்டஈட்டு வழக்கில், கறுப்பினத் தொழிலாளி நஷ்டஈடு பெற வெள்ளையரைவிட மோசமான மூச்சைக் காட்ட வேண்டும் என்று நிறுவனத் தரப்பு வாதாடும் அளவுக்கு அது போனது. லண்டி பிரவுன் என்ற ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட நூலில் இந்த வரலாற்றை எழுதினார். 2023இல் அமெரிக்க நெஞ்சகச் சங்கம் இனம் பாராத ஒரே சமன்பாட்டைப் பரிந்துரைத்தது.

அதோடு பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. எதிர்பார்க்கும் மூச்சைக் குறைத்து வைத்தால், தூசி தின்ற நுரையீரல்கூட 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பப்படும். உயர்த்தி வைத்தால், நன்றாக இருப்பவரும் நோயாளி ஆவார், வேலைக்கான உடல்தகுதிச் சோதனையில் தோற்பார். நம் ஊரில் சராசரி மூச்சு குறைவாக இருந்தால், அதற்குப் பிறவி காரணமா, தாயின் வயிற்றிலிருந்தே தொடங்கிய ஊட்டக்குறைவா, விறகடுப்புப் புகையா, குழந்தைப்பருவச் சளித்தொற்றா என்பதை இங்கே இருப்பவர்களை வைத்துத்தான் கண்டறிய முடியும். இனம் என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தவுடன் அந்தக் கேள்வியே கேட்கப்படாமல் போகிறது. மருத்துவ ஆராய்ச்சியில் இனப்பாகுபாடு செய்கிற பெரிய கேடு இதுதான்.

தமிழர் உடல் ஆராய்ச்சிக்குக் கிடைக்காமல் போனதாகச் சொல்ல முடியாது. நூறாண்டுக்கும் மேலாக அது தாராளமாகக் கிடைத்திருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், கையில் அளவுக் கருவியோடு தென்னிந்தியச் சாதியினர், பழங்குடியினர் மூக்கையும் மண்டையையும் அளந்து தள்ளினார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து மனிதரைப் படிநிலையில் வைத்த காலம் அது. ரங்காச்சாரியோடு சேர்ந்து அவர் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. அளக்கப்பட்டவர்களுக்கு அந்த அளவால் ஒரு நன்மையும் விளையவில்லை. கேள்வி வெளியிலிருந்து வரும், உடல் இங்கிருந்து போகும், விடை மறுபடி வெளியே போய்விடும். இந்த ஏற்பாடு அதற்குப் பிறகும் நெடுநாள் நீடித்தது.

காசநோய் ஆராய்ச்சியில் இது ஓரளவு தலைகீழானது. அதனால்தான் அந்தக் கதை நின்று சொல்லத் தக்கது.

தாம்பரம் சானடோரியத்தை 1928இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரி முத்து. தமிழரான அவர் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் மெண்டிப் மலையில் காசநோய் விடுதி நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் 1917இல் சில காலம் அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றார். சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு என்ற அந்தக் கால மருத்துவத்தை ஊருக்குக் கொண்டுவந்து, அன்று காடும் மேடுமாக இருந்த தாம்பரத்தில் ஒரு சில படுக்கைகளோடு அவர் ஆரம்பித்தார். 1937இல் அது அரசின் கைக்கு வந்தது.

அரசுக்கு அடுத்து வந்தது கணக்குப் பிரச்சினை. நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். ஐசோநயசிட், பாஸ் மாத்திரைகள் வந்துவிட்ட பிறகும், சானடோரியத்தில் சேர்க்காமல் காசநோயைக் குணப்படுத்த முடியாது என்றே உலகம் நம்பியது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என நான்கும் கைகோத்தன. முதல் பொறுப்பாளர் வாலஸ் ஃபாக்ஸ். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறு பாதியை வீட்டுக்கும் அனுப்பினார்கள். மருந்து இரு தரப்புக்கும் ஒன்றே. வீடு என்றால் சென்னையின் நெருக்கடியான ஏழைத் தெருக்களில் ஓர் அறை, அதில் ஐந்தாறு பேர். சாப்பாடு மட்டம், ஓய்வு கிடையாது, பலர் வேலைக்கும் போனார்கள்.

ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறத்தாழச் சமமாகவே குணமடைந்திருந்தன. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் முடிவு வெளியானதும், உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. கண் முன்னே மாத்திரையை விழுங்கச் செய்யும் முறையும், வாரம் இருமுறை மட்டும் மருந்து கொடுக்கும் முறையும் இந்த மையத்தில்தான் தீவிரமாகச் சோதிக்கப்பட்டன. சென்னைச் சேரி மனிதரின் உடல் சொன்ன உண்மையால் நியூயார்க்கிலும் லண்டனிலும் இருந்த நோயாளிகள் வீட்டுக்குப் போனார்கள். மருத்துவ அறிவு எப்போதும் மேற்கிலிருந்துதான் கிழக்கே வரும் என்பவர்களுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு தேவையில்லை. கேள்வியும் இங்கே எழுந்தது, பலனும் இங்கே தங்கியது என்பதே அந்த ஆய்வின் சிறப்பு.

ஆனாலும் அதில் ஒரு முள் இருக்கிறது. வீட்டு நோயாளிகள் மட்டமான சாப்பாட்டோடும் குணமடைந்ததால், உணவு முக்கியமில்லை என்ற முடிவும் கூடவே பிறந்தது. 1961இல் உணவின் பங்கு குறித்துத் தனிக் கட்டுரையே வெளிவந்தது. மருந்து சரியாகக் கிடைத்தால் கிருமி போய்விடும் என்ற அளவில் அது சரிதான். ஆனால் அது திட்டக்காரர்கள் கைக்கு வந்தபோது, ஏழை நோயாளிக்குச் சோறு போடுவது மருத்துவத்தின் வேலையல்ல என்ற வசதியான பாடமாகிவிட்டது. பணக்கார நாட்டில் சானடோரியத்தில் பாலும் முட்டையும் கொடுத்துக் காத்த நோயை, ஏழை நாட்டில் வெறும் மாத்திரையால் தீர்க்கலாம் என்றானது. அறுபது ஆண்டுக்கும் மேல் கழித்து, 2023இல், ஜார்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு இதைத் திருத்தியது. அனுராக் பார்கவா தலைமையில், சேத்துப்பட்டின் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்களிப்போடு நடந்த ஆய்வு அது. 2,800 நோயாளிகளின் வீடுகளில் 10,345 பேரைக் கண்காணித்தார்கள். அரிசி, பருப்பு என்று மாதாமாதம் வீட்டாருக்கும் கொடுத்த குடும்பங்களில், புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது, தொற்றும் வகைக் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. எந்தத் தடுப்பூசிக்கும் பெருமை சேர்க்கும் எண் அது. அந்தக் கேள்வியைக் கேட்க ஏன் இத்தனை காலம் ஆனது? அரிசிக்குக் காப்புரிமை இல்லை என்பது ஒரு காரணம். பசி ஏழையின் இயல்பு என்று ஆராய்ச்சி உலகம் எடுத்துக்கொண்டது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது. மத்திய அரசு காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி கொடுக்கத் தொடங்கியதே 2018இல்தான். 2024 இறுதியில் அது 1,000 ஆனது.

நம் மண்ணிலேயே நடந்த இன்னொரு காசநோய்ச் சோதனை, வேறொரு பாடத்தைச் சொன்னது. காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியைப் பிரிட்டனில் பள்ளி மாணவர்களுக்குப் போட்டுப் பார்த்ததில் மிக நல்ல பாதுகாப்பு தெரிந்தது. இங்கே அதை எல்லாருக்கும் போட முற்பட்டபோது எதிர்ப்பும் கிளம்பியது. ராஜாஜி 1955இல் அதை எதிர்த்து ஒரு சிறுநூலே வெளியிட்டார். வாதத்தை முடித்துவைக்க, 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பகுதியில் உலகின் மாபெரும் தடுப்பூசிச் சோதனைகளில் ஒன்று தொடங்கியது. (தாம்பரமும் அன்று அதே மாவட்டம்தான்.) சுமார் 3,60,000 பேர் வாழ்ந்த பரப்பில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்க்கப்பட்டார்கள். முடிவு உலகை உலுக்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பிசிஜியால் இங்கே பயனே தென்படவில்லை. பதினைந்தாண்டுக் கண்காணிப்பின் அறிக்கை 1999இல் வந்தபோதும் அதுவே உறுதியானது. குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய்க்கு எதிராகப் பிசிஜி பயன்படுவதால்தான் இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது.

ஆங்கிலேயச் சிறுவனைக் காத்த ஊசி செங்கல்பட்டு விவசாயியை ஏன் காக்கவில்லை? கீழை இனத்தாருக்கு எதிர்ப்புசக்தியே வேறு என்று சொல்லும் பழக்கம் காலனிய மருத்துவர்களிடம் ஊறிப்போயிருந்தது. பின்னர் வலுப்பெற்ற விளக்கம் வேறு. வெப்பமண்டல மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தங்கள் நிறைய உண்டு. வெறுங்காலோடு நடந்து, குளத்து நீர் குடித்து வளர்ந்த உடல், ஊசிக்கு முன்பே அவற்றோடு பழகிவிட்டது. அதன் மேல் பிசிஜி புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை அல்லது வேலை செய்ய முடியவில்லை. வித்தியாசம் ரத்தத்தில் இல்லை, வாழ்ந்த மண்ணில் இருந்தது. இங்கே சோதிக்காமல் விட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த விரல்நுனிக் கருவி சாட்சி. பல்ஸ் ஆக்சிமீட்டர் தோலின் வழியே ஒளியைச் செலுத்தி ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. தோலில் நிறமி கூடினால் கணக்கு பிசகும். 2020 டிசம்பரில் மிச்சிகன் ஆய்வாளர்கள் காட்டியது இது: கருவி நல்ல எண்ணைக் காட்டியபோதே உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்த நிலை, வெள்ளை நோயாளிகளில் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம். அதற்கு முன்பு அமெரிக்க ஒழுங்குமுறை இந்தக் கருவிக்குக் கேட்ட சோதனை ஆட்கள் வெறும் பத்துப் பேர். அதில் கருந்தோலினர் இரண்டு பேர் இருந்தால் போதும். 2025 ஜனவரியில் வெளியான வரைவு அந்த எண்ணிக்கையை 150 ஆக உயர்த்தியது.

இது தமிழ்நாட்டுக்கு நேரடியான விஷயம். 2022இல் தமிழ்நாடு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', நோய் உறுதியானவுடன் ஆபத்தில் இருப்பவரை எளிய அளவுகளால் பிரித்தெடுத்து மருத்துவமனையில் சேர்க்கிறது. மெலிவு, மூச்சு வேகம், கால்வீக்கம், தானாக எழுந்து நிற்க முடியாமை ஆகியவற்றோடு ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழ் இருப்பதும் ஓர் அறிகுறி. நாட்டுக்கே முன்மாதிரியான அருமையான திட்டம். வெயிலில் கறுத்த கட்டடத் தொழிலாளியின் விரலில் 95 என்று காட்டும் கருவி, நிஜத்தில் 92ஐத்தான் பார்த்துக்கொண்டிருந்தால்? ஒரே அளவை நம்பாமல் ஐந்தைப் பார்ப்பது இங்கே நல்ல காப்பு. ஆனாலும் அரசு மொத்தமாக வாங்கும் ஒவ்வொரு கருவியும் நம் தோல் நிறங்களில் சோதிக்கப்பட்டதா என்று டெண்டரிலேயே கேட்கலாம். செலவில்லாத திருத்தம் அது.

நீரிழிவின் கதை இன்னும் விசித்திரமானது. உடல் பருத்தவருக்கு வரும் நோய் என்று பாடப்புத்தகம் சொன்னதால், ஒல்லியான இந்தியருக்கு அது வந்தபோது யாரும் சந்தேகிக்கவில்லை. சென்னையில் டாக்டர் வி. மோகன், டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுக்கள் நம்மவர் வயிற்றுக் கொழுப்பையும் குறைந்த எடையிலேயே வரும் ஆபத்தையும் விடாமல் பதிவுசெய்தன. ஆசியருக்கு உடல் நிறை குறியீடு 23லேயே எச்சரிக்கை தேவை என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. ஊட்டக்குறைவால் வரும் நீரிழிவு இதைவிட மோசமாக நடத்தப்பட்டது. 1955இலேயே ஜமைக்காவில் விவரிக்கப்பட்டு, 1985இல் உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் ஏறி, 1999இல் ஆதாரம் போதாது என்று தூக்கப்பட்டது அது. ஏழைகளின் நோய்க்கு ஆதாரம் தேட யாரும் பணம் போடாததால் ஆதாரம் போதாமல் போனது! வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நிஹால் தாமஸ் குழு, அமெரிக்காவின் மெரிடித் ஹாக்கின்ஸோடு சேர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, இது முதல் வகையும் அல்ல, இரண்டாம் வகையும் அல்ல என்று காட்டியது. 2025 ஏப்ரலில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு அதை 'ஐந்தாம் வகை' என்று ஏற்றது. அதுவரை இந்த நோயுள்ள இளைஞர்களை முதல் வகை என்று எண்ணி இன்சுலினை அள்ளிக் கொடுத்தால், சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்ற எச்சரிக்கையை அந்த மருத்துவர்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மரபணு ஆராய்ச்சியிலும் இதே நிலைதான். நோய்க்கும் மரபணுவுக்கும் தொடர்பு தேடிய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில், 2018 கணக்குப்படி, 78 சதவீதம் ஐரோப்பிய வழியினர். ஆசிய மக்கள்தொகை முழுவதற்கும் கிடைத்தது பத்து சதவீதம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி குழு 2009இல் கண்டறிந்த இதயத்தசை மரபணுப் பிழை, தெற்காசியரில் சுமார் நூற்றுக்கு நால்வரிடம் இருக்கிறது. ஐரோப்பியத் தரவில் மட்டும் தேடியிருந்தால் அது கண்ணில் படவே வாய்ப்பில்லை. ஜீனோம் இந்தியா திட்டம் பத்தாயிரம் பேரின் மரபணுத் தொகுதியை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் இங்கே ஒரு கவனம் வேண்டும். நூற்றாண்டுகளாகச் சாதிக்குள்ளேயே மணம் முடித்ததால், சில குழுக்களில் அரிய பிழைகள் குவிந்திருக்கின்றன. ஆரிய வைசியர் சிலருக்கு ஒருவகை மயக்கமருந்துத் துணை மருந்து கொடுத்தால் தசைகள் நெடுநேரம் செயலிழக்கும் என்பது அறுவை அரங்கில் உயிர்காக்கும் தகவல். அது மணவழக்கத்தின் விளைவு. அதை வைத்து, தர்ஸ்டனின் மூக்களவையை மரபணுப் பெயரில் மீண்டும் எடுத்து வரவிடக் கூடாது.

யாரைச் சோதிக்கிறோம் என்பதோடு, எப்படிச் சம்மதம் வாங்குகிறோம் என்பதும் சேர்ந்ததுதான் சமநீதி. இந்த நாட்டில் பாகுபாடு பெரும்பாலும் தோல் நிறத்தால் வருவதில்லை. சாதியும் வறுமையும் பெண்ணாயிருப்பதும் அந்த வேலையைச் செய்கின்றன. 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டறிந்தது சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். ரத்தம் கொடுத்தவர்கள் அரசுக் காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்கள். அந்தக் கண்டுபிடிப்பால் நாடு விழித்துக்கொண்டது. அந்தப் பெண்களோ, தண்டனைக் காலம் முடிந்த பிறகும் நோயைக் காரணம் காட்டி அடைத்து வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் வழக்குப் போட்டு, 1990இல் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகே கதவு திறந்தது. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்து தொடங்கப்பட்ட நாட்டின் முதல் எட்டு மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று என்பது அந்தக் கணக்கில் கொஞ்சம் ஆறுதல்.

திண்டுக்கல் மாவட்டத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக நடந்த ஆய்வு இதைவிடச் சிக்கலானது. ஊர் ஊராகப் பிரித்து, சுமார் 49,000 பெண்களுக்குச் செவிலியர் கண்ணால் பார்த்துக் கண்டறியும் எளிய சோதனை. சுமார் 31,000 பெண்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும், அதாவது முறையான சோதனை இல்லை. 2007இல் வந்த முடிவு, சோதனையால் சாவு 35 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. மும்பை, ஒஸ்மானாபாத் ஆய்வுகளையும் இதோடு சேர்த்து, சோதனை கிடைக்காத பிரிவுகளில் குறைந்தது 254 பெண்கள் இறந்தார்கள் என்று அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா 2014இல் கணக்குக் காட்டினார். அமெரிக்கப் பெண்களைச் சோதனை இல்லாத பிரிவில் வைக்க அங்கே எந்த நெறிக்குழுவும் ஒப்பியிருக்காது என்பது அவர் வாதம். இங்கே வேறு வழியே அப்போது இல்லை என்பது மறுதரப்பு. இரண்டையும் எடைபோட்டால் சூபாவின் பக்கமே தட்டு தாழ்கிறது. இங்கே சிகிச்சை இல்லை என்ற அநீதியை, சிகிச்சை தராமல் இருக்க நியாயமாக்கக் கூடாது. அதே சமயம், அந்த முடிவை வைத்துத் தமிழ்நாடு தேனியிலும் தஞ்சாவூரிலும் தொடங்கி, மாநிலம் முழுவதும் சோதனையைக் கொண்டுசென்றது என்பதையும் மறைக்கலாகாது. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009இல் பழங்குடிச் சிறுமிகளுக்கு, அதே புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி போட்டபோது, பல விடுதிகளில் பெற்றோருக்குப் பதில் காப்பாளர்களே கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றக் குழு 2013இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. 2021இல் போபாலில் விஷவாயு பாதிக்கப்பட்டோர் குடியிருப்புகளிலிருந்து 750 ரூபாய்க்கு ஆட்கள் கோவாக்சின் சோதனைக்கு அழைத்துவரப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது.

அதே கோவாக்சினின் முதல் கட்டச் சோதனைக்குத் தேர்வான பன்னிரண்டு இடங்களில் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரியும் ஒன்று. ஜி.எஸ்.டி. சாலை நெடுகத் தனியார் மருத்துவக் கல்லூரிகளும் பெரிய மருத்துவமனைகளும் பெருகிவரும் நிலையில், சோதனைகளும் இங்கே பெருகும். 2019ஆம் ஆண்டுச் சோதனை விதிகள் நஷ்டஈட்டையும், எளிதில் பாதிக்கப்படக்கூடியவரின் சம்மதத்தைச் சில சோதனைகளில் வீடியோவில் பதிவதையும் கட்டாயமாக்கியுள்ளன. கேமரா ஓடும்போதும் ஓ.பி. வரிசையில் காலையிலிருந்து நின்றவர் சொல்வது, "நீங்க சொன்னா சரிங்க டாக்டர்" என்பதுதான். மறுத்தால் நாளை மருந்து கிடைக்காதோ என்ற பயம் அந்தப் பணிவுக்குள் இருக்கிறது. சிகிச்சை தருபவரே சம்மதமும் வாங்காமல், வேறொருவர் உட்கார்ந்து பேச வேண்டும். வீட்டில் கேட்டுவிட்டு மறுநாள் வரச் சொல்ல வேண்டும். நெறிக்குழுவில் விதிப்படி உட்காரும் 'சாமானியர்' நாற்காலி ஓய்வுபெற்ற அதிகாரிக்குப் போகாமல் பம்மலிலிருந்தோ கண்ணகி நகரிலிருந்தோ வரும் ஒருவருக்குப் போனால், கேட்கப்படும் கேள்விகளே மாறும்.

சமநீதி என்றால் சோதனையைத் தளர்த்துவது என்று யாரும் எண்ண வேண்டாம். சானடோரிய வளாகத்தருகே 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருந்துகளுக்கும் சேத்துப்பட்டு ஆய்வின் அதே கறார்த்தனம் வேண்டும். நம் மருத்துவம் என்பதால் குறைந்த ஆதாரம் போதும் என்பது, அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இருளர்கள் பாம்பு நஞ்செடுக்கும் வடநெம்மேலிக்குப் போனால் கதை திரும்பி நிற்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத்தோல் வியாபாரம் நின்று, இருளர்கள் பிழைப்பின்றித் தவித்தபோது, 1978இல் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியில் அவர்களின் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவின் நஞ்சுமுறி மருந்துக்குத் தேவையான நஞ்சில் பெரும்பங்கு இவர்களிடமிருந்தே போகிறது. பாம்புக்கடியால் நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் சாகிறார்கள் என்ற கணக்கை வைத்துப் பார்த்தால் இந்த வேலையின் கனம் புரியும்.

ஆனால் தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சு ராஜஸ்தான் சுருட்டை விரியனின் நஞ்சு அல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழு 2019 முதல் வெளியிட்ட ஆய்வுகள், பிற பகுதிப் பாம்புகளிடம் இப்போதைய நஞ்சுமுறி பலவேளை சரியாக எடுபடுவதில்லை என்று காட்டுகின்றன. இங்கே அளவுகோல் நம் கையில். அடிபடுபவர் வடமேற்குப் பாலையின் விவசாயி. அளவுகோல் எவர் கையில் இருந்தாலும், அதை எல்லாருக்கும் பொருத்துகிற ஆபத்து ஒன்றுதான்.

பகுதிக்கொரு நஞ்சு சேகரிப்பு மையம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்துவருகிறது. அதற்குத் தேவையான கைத்திறன் இருளர்களிடம் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் ஃபுளோரிடா சதுப்பு நிலத்துக்கே போய், அங்கத்திய ஆட்கள் கண்டுபிடிக்கத் திணறிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தவர்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. புதிய மையங்கள் வரும்போது அவர்களின் ஆட்களைக் கூலிக்கு அழைப்பதா, அல்லது ஆய்வறிக்கையில் பெயரும் வருமானத்தில் பங்கும் கொடுத்து ஆலோசகர்களாக அழைப்பதா என்பதை, முதல் பாம்பு பிடிபடுவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.